எல்ஜிபிடிக்யூஐ உரிமைக்கான நிதி யாருக்கு போகணும்னு முடிவு பண்ற பேனல்ல நாமளும் உக்காரலாமா? டர்பன் பக்கத்து ஆளுங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

இந்த மாதிரி பேனலுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு தகவல் பரவினதுலேர்ந்து சாட்ஸ்வொர்த், மெரேபேங்க், ஃபீனிக்ஸ், டொங்காட்னு தென் ஆப்பிரிக்கால டர்பன சுத்தி எல்லா பக்கத்துலேர்ந்தும் கேள்வி வந்துட்டே இருக்கு. சிலது இங்கயே பொறந்து வளர்ந்தவங்க கேக்கறது, சிலது தமிழ்நாட்டுலேர்ந்தும் யாழ்ப்பாணத்துலேர்ந்தும் வேலைக்கு வந்து இங்க தங்கிட்டவங்க கேக்கறது. விஷயம் இதுதான்: எல்ஜிபிடிக்யூஐ, அதாவது லெஸ்பியன், கே, பைசெக்ஷுவல், ட்ரான்ஸ் (திருநர்), குயர், இன்டர்செக்ஸ் ஆளுங்களோட உரிமைக்காக வேலை செய்யற சின்ன சின்ன குழுக்களுக்கு நிதி குடுக்கற சில ஃபண்டுகள், எந்த குழுவுக்கு எவ்வளவுன்னு தாங்களே உக்காந்து முடிவு பண்ணாம, அந்த சமூகத்துல இறங்கி வேலை செய்யறவங்கள கூப்பிட்டு முடிவு பண்ண சொல்றாங்க. அப்படி பேனல்ல உக்காந்தவங்கள்ல நானும் ஒருத்தர், அதனால கேட்ட கேள்விக்கெல்லாம் இங்க மொத்தமா பதில் எழுதிடறேன்.

கிராண்ட்னு சொல்றீங்களே, சாஸ்ஸா குடுக்கற பணமா?

இல்ல இல்ல. அது அரசாங்கம் முதியோருக்கும் பிள்ளைங்களுக்கும் குடுக்கறது. இது ஒரு குழு ஒரு வேலைய செய்யறதுக்கு ஃபண்டு குடுக்கற நிதி. தனி ஆள் செலவுக்கு கிடையாது.

அந்த பணத்த யாருக்கு குடுக்கணும்னு நாம எதுக்கு முடிவு பண்ணணும்? அதுக்குதான் சம்பளம் வாங்கிட்டு ஆபீஸ்ல ஆள் இருக்காங்களே?

ஆபீஸ்ல இருக்கறவங்க கெட்டவங்கன்னு சொல்ல வரல, நிறைய பேர் நம்ம சமூகத்து ஆளுங்கதான். ஆனா அவங்க மேஜைக்கு வர்றது பேப்பர் மட்டும்தான். பேப்பர்ல யார் ஜெயிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும், நல்லா இங்கிலீஷ் எழுத தெரிஞ்சவன், கன்சல்டன்ட் வெச்சிருக்கறவன், போன வருஷமும் அதே ஃபண்டுகிட்ட வாங்கினதால எந்த வார்த்தைய போட்டா அவங்களுக்கு பிடிக்கும்னு தெரிஞ்சு வெச்சிருக்கறவன்.

ஒரு உதாரணம் சொல்றேன், இது நான் கற்பனையா சொல்றதுதான். ரெண்டு அப்ளிகேஷன் வருதுன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு அம்ஷ்லாங்கா பக்கம் ஒரு ஹோட்டல்ல மூணு நாள் விழிப்புணர்வு பயிலரங்கம், அழகான பட்ஜெட், கலர் படம், எல்லாம் இருக்கு. இன்னொண்ணு அரை பக்கம், எழுத்துப்பிழையோட, கேக்கறதே டாக்ஸி காசும் போட்டோஸ்டாட் காசும்தான். ட்ரான்ஸ் ஆளுங்கள ஹோம் அஃபேர்ஸுக்கு கூட்டிட்டு போய் ஐடி மாத்தி குடுக்கறோம்னு எழுதியிருக்காங்க. வெளி ஆள் இத பார்த்தா போக்குவரத்து செலவு கேக்கறாங்கன்னு ஓரமா வெச்சிடுவார். ஆனா ஐடில பாலினத்த மாத்தறதுக்கு 2003லயே சட்டம் வந்தும், டாக்டர் ரிப்போர்ட்ட தூக்கிட்டு கவுண்டர் கவுண்டரா அலைஞ்சு, சிஸ்டம் ஆஃப்லைன்னு சொல்லி திருப்பி அனுப்பப்பட்டு, அடுத்த வாரம் திரும்ப போய், அங்க இருக்கற ஆளோட நக்கல் பார்வைய தாங்கினவங்களுக்கு அந்த டாக்ஸி காசுதான் உரிமைங்கறது புரியும். ஐடி சரியில்லன்னா பேங்க் அக்கவுண்ட் தகராறு, வேலைக்கு சேர்றது தகராறு, ஓட்டு போட போனா கூட தகராறு. இத படிச்ச உடனே புரிஞ்சுக்கற ஆள் ரூம்ல ஒருத்தராவது வேணும். ஒருத்தர் பத்தாது, பாதிக்கு மேல வேணும்ங்கறது என் கட்சி.

இது புது யோசனையும் இல்ல. நைரோபில 2009ல ஆரம்பிச்ச உஹாய் ஈஷ்ரி கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க இப்படித்தான் சமூகத்து ஆளுங்க கமிட்டி வெச்சு குடுக்குது. நம்ம ஜோபர்க்ல (ஜோஹன்னஸ்பர்க்) இருக்கற தி அதர் ஃபவுண்டேஷன் ஆப்பிரிக்காவோட தெற்கு பக்கத்து நாடுங்களுக்கு பியர் ரெவ்யூவர்னு ஆக்டிவிஸ்ட்டுங்கள கூப்பிட்டிருக்கு. இன்டர்நேஷனல் ட்ரான்ஸ் ஃபண்ட்ல ட்ரான்ஸ் ஆளுங்க பேனலே உக்காருது. பாலியல் தொழிலாளர் குழுக்களுக்குன்னு 2012லேர்ந்து ஓடற ரெட் அம்ப்ரெல்லா ஃபண்டும் அதே வழிதான். ஃப்ரிடான்னு இளம் பெண்ணியவாதிகளுக்கான ஃபண்ட் ஒண்ணு இருக்கு, அங்க அப்ளை பண்ணவங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறாங்க, கேக்கவே விசித்திரமா இருக்கும்.

நம்ம நாட்டுலதான் சட்டமே இருக்கே, இன்னும் என்ன உரிமை வேணும்?

எங்க பெரியப்பா வயசு ஆளுங்க எல்லாரும் கேக்கறது இதத்தான். சட்டம் இருக்கு, நிஜம். பாலியல் ஈர்ப்ப வெச்சு பாகுபாடு காட்டக்கூடாதுன்னு அரசியல் சாசனத்துலயே எழுதின முதல் நாடு நம்மளோடது, 1994ல நடைமுறைக்கு வந்த இடைக்கால சாசனத்துலயும் இருந்துச்சு, 1996 சாசனத்துல 9வது பிரிவுலயும் இருக்கு. 1998ல அரசியல் சாசன நீதிமன்றம் ஆணும் ஆணும் சேர்ந்தா குற்றம்ங்கற பழைய சட்டத்த தூக்கிடுச்சு. 2006 நவம்பர் 30லேர்ந்து ரெண்டு ஆணோ ரெண்டு பெண்ணோ சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கலாம். அதுலயும் ஒரு ஓட்டை இருந்துச்சு, ஹோம் அஃபேர்ஸ் ஆபீசர் என் மனசாட்சி ஒத்துக்கலன்னு எழுதி குடுத்துட்டு பண்ணி வெக்க மாட்டேன்னு சொல்லலாம். அத 2020ல திருத்தினாங்க. இன்டர்செக்ஸ் ஆளுங்கள, அதாவது ஆண் பெண்னு திட்டமா பிரிக்க முடியாத உடம்போட பொறந்தவங்கள, பாகுபாட்டுலேர்ந்து காப்பாத்தற வாசகத்த 2005லயே சமத்துவ சட்டத்துல சேர்த்தாச்சு. வெறுப்பு குற்றத்துக்கான சட்டத்துல ஜனாதிபதி ராமபோசா 2024 மே மாசம் கையெழுத்து போட்டார்.

இதெல்லாம் சும்மா வந்ததும் இல்ல. சைமன் நிகோலி மாதிரி ஆளுங்க நிறவெறிக்கு எதிரா ஜெயிலுக்கும் போய், அதே வாயால நான் கே-ன்னும் சொல்லி, 1990 அக்டோபர்ல ஜோபர்க் தெருவுல முதல் ப்ரைட் ஊர்வலம் விட்டதுக்கு அப்புறம் வந்தது.

ஆனா வீட்டுக்குள்ள எந்த சாசனம் நுழையுது? நம்ம பெண்கள் ஃபுட்பால் டீம்ல ஆடின யூடி சிமெலானேவ 2008ல, கல்யாண சட்டம் வந்து ஒன்றரை வருஷம் கூட ஆகல, க்வாதேமால பலாத்காரம் பண்ணி கொன்னுட்டாங்க. அவங்க லெஸ்பியன்னு ஊருக்கே தெரியும். கே-ன்னு வெளிப்படையா சொல்லிட்டு வாழ்ந்த இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ 2025 பிப்ரவரில க்கெபெர்ஹா (பழைய பேர் போர்ட் எலிசபெத்) பக்கம் கார்ல வெச்சே சுட்டுட்டாங்க. 2016ல வந்த ஒரு தேசிய கருத்துக்கணிப்புல 51 சதவீதம் பேர் கே ஆளுங்களுக்கும் மத்தவங்க மாதிரியே மனித உரிமை இருக்கணும்னாங்க, அதே கணிப்புல 72 சதவீதம் பேர் அந்த உறவே ஒழுக்கக்கேடுன்னும் சொன்னாங்க. இந்த ரெண்டு நம்பருக்கு நடுவுலதான் சாட்ஸ்வொர்த்ல ஒரு பையன் வாழறான். போலீஸ் அவன பிடிக்காது, ஆனா வீட்டுல சோறு போட மாட்டாங்க. கோவில்ல காவடி எடுக்க விடுவாங்க, ஆனா அவன் கூட வர்ற ஆள யாருன்னு கேக்க மாட்டாங்க, கேட்டா பதில் வந்துடுமேன்னு பயம்.

இன்னொண்ணு, இந்த ஃபண்டுகள் பலது நம்ம நாட்டோட நிக்கறதில்ல, சுத்தி இருக்கற நாடுங்களுக்கும் குடுக்கறாங்க. ஜாம்பியா, ஜிம்பாப்வே, மலாவி, எஸ்வாட்டினில ஆணும் ஆணும் சேர்றது இன்னும் குற்றம்தான். போட்ஸ்வானால 2019ல கோர்ட் தூக்குச்சு, நமீபியால 2024 ஜூன்ல. நம்ம மாதிரியே கப்பல்ல போன தமிழ் ஆளுங்க இருக்கற மொரீஷியஸ்ல 1838ல எழுதின சட்டம் 2023 அக்டோபர் வரைக்கும் இருந்துச்சு, சுப்ரீம் கோர்ட் வந்துதான் செல்லாதுன்னு சொன்னாங்க. அதனால பேனல்ல உக்காந்தா அந்த ஊர் அப்ளிகேஷனும் கைக்கு வரும், அங்க உள்ள குழு பேர போர்டுல எழுதி மாட்ட முடியாது, பேங்க்ல அக்கவுண்ட் திறக்கறதே கஷ்டம்னு புரிஞ்சு படிக்கணும்.

2025ல அமெரிக்கா பணம் நின்னு போச்சே, இன்னும் குடுக்க காசு இருக்கா?

தனியார் அறக்கட்டளை பணம், சில ஐரோப்பிய நாடுகளோட பணம் ஓடிட்டுதான் இருக்கு. ஆனா 2025 ஜனவரில ட்ரம்ப் வந்த உடனே வெளிநாட்டு உதவிய நிறுத்தினதுல எச்ஐவி வேலை செஞ்ச இடங்கள் பலது இங்க கதவ சாத்திட்டாங்க, கே ஆளுங்களுக்குன்னு தனியா நடந்த கிளினிக்கும் அதுல அடக்கம். அந்த கிளினிக்க நம்பி இருந்த குழுவெல்லாம் இப்ப சின்ன ஃபண்டுங்க பக்கம் வர்றாங்க. பேனல்ல உக்காரறவங்க வேலை முன்னவிட கஷ்டமாதான் இருக்கும், நல்ல அப்ளிகேஷனையே வேண்டாம்னு சொல்ல வேண்டி வரும், அத இப்பவே மனசுல வெச்சுக்கோங்க.

நான் ஆக்டிவிஸ்ட் எல்லாம் இல்லீங்க, டிகிரியும் இல்ல. என்ன எடுப்பாங்களா?

கைல மைக் பிடிச்சாதான் ஆக்டிவிஸ்ட்னு நினைக்காதீங்க. வீட்ட விட்டு துரத்தின பிள்ளைய ரெண்டு மாசம் உங்க கராஜ் ரூம்ல தங்க வெச்சிருந்தீங்களா, கிளினிக்ல ஏஆர்வி, அதாவது எச்ஐவி மருந்து, வாங்க துணைக்கு போனீங்களா, ஸ்கூல்ல ஒரு பொண்ண பேர் சொல்லி கிண்டல் பண்றாங்கன்னு பிரின்சிபல பார்க்க போனீங்களா, அதெல்லாம் அந்த வேலைதான். டிகிரி கேக்கற பேனல் இருந்தா அது எனக்கு சந்தேகமான பேனல்.

ஒரு விஷயத்துல நம்ம ஆளுங்க கொஞ்சம் கெட்டி. கோவில் கமிட்டில வரவு செலவு பார்த்தவங்க, ஸ்டாக்வெல் (நம்ம ஊர் சீட்டு மாதிரி) புக்க எழுதினவங்க, மாரியம்மனுக்கு கூழ் ஊத்த ஆயிரம் பேருக்கு சாமான் வாங்கினவங்க நம்ம வீட்டுலயே இருக்காங்க. எத்தன கிலோ அரிசிக்கு எத்தன பேர் சாப்பிடுவாங்கன்னு தெரிஞ்ச ஆண்ட்டி முன்னாடி பொய் பட்ஜெட் நிக்காது. கேட்டரிங்னு போட்டிருக்கற தொகைய பார்த்த உடனே இது யாரோ மச்சான் கம்பெனிக்கு போகுதுன்னு சொல்லிடுவாங்க. எம்பிஏ படிச்சவங்க அத கவனிக்காம தாண்டி போறத நான் பார்த்திருக்கேன்.

வேலை விசால இருக்கேன், சிட்டிசன் இல்ல. பரவாயில்லையா?

பேனலுக்கு அது தடையா இருக்காது பெரும்பாலும், அடைக்கலம் கேட்டு வந்தவங்கள வேணும்னே தேடற ஃபண்டும் உண்டு, ஏன்னா நம்ம அகதிகள் சட்டம் பாலியல் ஈர்ப்பையும் அடைக்கலத்துக்கு காரணமா ஏத்துக்குது, அந்த கஷ்டம் தெரிஞ்சவங்க தேவை. ஆனா காசு வாங்கறது உங்க விசா கண்டிஷனுக்கு ஒத்து வருமான்னு எழுத்துல கேட்டுட்டு கையெழுத்து போடுங்க. செலவு மட்டும் திருப்பி குடுக்கற மாதிரி மாத்தி குடுக்க சொல்லலாம்.

நான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. பேனல்ல சேர்ந்தா ஊருக்கே தெரிஞ்சிடுமா?

இது முக்கியமான கேள்வி, நிறுத்தி படிங்க. பேனல் ஆளுங்க பேரையும் போட்டோவையும் பெருமையா வெளியிடற ஃபண்டும் இருக்கு, கடைசி வரைக்கும் வெளிய விடாத ஃபண்டும் இருக்கு. அப்ளிகேஷன் அனுப்பறதுக்கு முன்னாடியே கேளுங்க. போப்பியாங்கற தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு சட்டப்படி ஒருத்தரோட பாலியல் வாழ்க்கை பத்தின தகவல் தனி பாதுகாப்பு உள்ள தகவல், அத யார் எங்க வெச்சிருப்பாங்க, வேலை முடிஞ்சதும் அழிப்பாங்களான்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

அப்புறம் சின்ன சின்ன விஷயம்தான் ஆள காட்டிக்குடுக்கும். வீட்டுக்கு வர்ற கூரியர் பொட்டி மேல ஃபண்டு பேரு, பேங்க் எஸ்எம்எஸ்ல பணம் அனுப்பினவங்க பேரு, அது அம்மா கண்ணுல பட்டா போச்சு, ஃபேமிலி பிளான்ல இருக்கற போன் பில், ஸூம்ல உங்க பின்னாடி தெரியற சாமி படமும் அந்த பக்கமா நடந்து போற ஆயாவும். பணத்த வேற பேர்ல, அதாவது அவங்க கணக்கு பார்க்கற கம்பெனி பேர்ல அனுப்ப முடியுமான்னு கேளுங்க, பல இடத்துல முடியும். மீட்டிங்க ஊருக்கு வெளிய, ஜோபர்க்லயோ கேப் டவுன்லயோ வெச்சா உங்களுக்கு நல்லதா கெட்டதான்னும் யோசிச்சுக்கோங்க, சில பேருக்கு வீட்ட விட்டு ரெண்டு நாள் போறதே ஆயிரம் கேள்வி.

பயமா இருந்தா இந்த சுத்துல வேண்டாம். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

நான் எல்ஜிபிடிக்யூஐ இல்ல, என் பொண்ணு லெஸ்பியன். நான் வரலாமா?

பெரும்பாலும் சமூகத்து ஆளுங்களுக்குத்தான் இடம், அதுதான் நியாயமும். ஆனா பெத்தவங்க வர்றத நான் வரவேற்பேன், குறைஞ்சபட்சம் உங்க பொண்ணுகிட்ட கேட்டுட்டு வாங்க. ஒரு அம்மா எங்க பிள்ளைங்களுக்காக கும்பல் நடுவுல பேசுனதுக்கப்புறம் கோவில் தலைவர் வாயடைச்சு போனத பார்த்தவங்களுக்கு தெரியும், நீங்க பேனலவிட வெளிய இன்னும் அதிகமா உதவலாம்.

பேனல்ல பெரும்பாலும் கறுப்பின ஆக்டிவிஸ்ட்டுங்கதான் இருப்பாங்க, இந்திய ஆளுங்க பேச்ச கேப்பாங்களா?

மூடி மறைக்காம பேசலாம். 1860ல நம்ம முன்னோர ஒப்பந்த கூலிங்களா ஏத்திட்டு ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து டர்பனுக்கு வந்ததுலேர்ந்து நமக்கும் இங்க கஷ்டம் இருந்துச்சு, இனத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிச்ச க்ரூப் ஏரியாஸ் சட்டத்துல வீட்ட பிடுங்கி சாட்ஸ்வொர்த்துல கொண்டு வந்து போட்டாங்க, எல்லாம் சரி. ஆனா நிறவெறி ஏணில நம்ம ஒரு படி மேல வெச்சிருந்தாங்கங்கறதும் சரிதான், நம்ம வீட்டு சாப்பாட்டு மேஜைல இன்னிக்கும் என்னென்ன வார்த்தை விழுதுன்னு நமக்கு தெரியும். 2021 ஜூலை கலவரத்தப்ப ஃபீனிக்ஸ்ல கறுப்பின ஆளுங்க கொல்லப்பட்டத பக்கத்துல இருக்கற இனாண்டாவுலயும் க்வாமஷுவுலயும் யாரும் மறக்கல. அந்த ஊர் ஆக்டிவிஸ்ட் உங்க பக்கத்து சீட்ல உக்காந்திருப்பார். நீங்க அங்க போய் நாங்களும் கஷ்டப்பட்டோம்னு ஆரம்பிச்சா சபை கெட்டுடும். மொதல்ல படிங்க, கேளுங்க, உம்லாஸி குழுவோட அப்ளிகேஷன்ல உங்களுக்கு புரியாத இடத்த அவங்ககிட்டயே கேளுங்க. கொஞ்சம் ஜூலு பேச வந்தா இன்னும் நல்லது, மார்க்கெட்ல பேரம் பேசற ஜூலுவ சொல்லல.

அதே சமயம் உங்க ஊர் விஷயத்த சொல்ல வேண்டிய இடத்துல வாய மூடிட்டு இருக்காதீங்க. இந்திய ஏரியான்னா வசதியானவங்கன்னு ஒரு நினைப்பு இருக்கு, சாட்ஸ்வொர்த்ல இருக்கற அந்த ப்ளாட்ங்கள வந்து பார்த்தா தெரியும். சுகர்ஸ் போதைல போற பிள்ளைங்கள்ல எத்தன பேர் வீட்டுல துரத்தினவங்கன்னு ஃபண்டுக்காரங்களுக்கு யார் சொல்வாங்க? நம்ம பக்கத்துலேர்ந்து அப்ளிகேஷன் குறைவா வர்றதுக்கு காரணம் தேவை இல்லாதது இல்ல, பேர் வெளிய வந்துடும்ங்கற பயம். இத பேனல்ல யாராவது சொன்னாதான் அடுத்த சுத்துல ரகசியமா அப்ளை பண்ற வழிய திறப்பாங்க.

வேலை எப்படி நடக்கும்?

மொதல்ல ஃபண்டு ஆபீஸ் வந்த அப்ளிகேஷன்ல தகுதி இல்லாதத கழிக்கும், அதாவது தேதி தாண்டினது, வேற நாடு, வேற விஷயம். மிச்சத்த பேனல் ஆளுங்களுக்கு பிரிச்சு அனுப்புவாங்க, ஒரே அப்ளிகேஷன குறைஞ்சது ரெண்டு மூணு பேர் தனித்தனியா படிக்கற மாதிரி. மார்க் ஷீட் இருக்கும், 1லேர்ந்து 5 வரைக்கும், இது நிஜமா தேவையா, இந்த குழுவ நடத்தறது அந்த சமூகத்து ஆளுங்களா, பட்ஜெட் ஒத்து வருதா, ஆபத்து வந்தா சமாளிப்பாங்களா, இப்படி. அப்புறம் எல்லாரும் சேர்ந்து உக்காருவாங்க, நேர்லயோ ஸூம்லயோ.

கூட்டிக் கழிச்சு சராசரி பார்த்து மேல இருக்கறவங்களுக்கு குடுத்துட்டு போறதுன்னா கூட்டமே வேண்டாம், எக்ஸெல் போதும். ஒரே அப்ளிகேஷனுக்கு ஒருத்தர் 5, இன்னொருத்தர் 2 போட்டிருப்பாங்க, அங்கதான் பேச்சு ஆரம்பிக்கும். 2 போட்டவர் அந்த ஊர்ல அந்த குழு தலைவி பணத்த சரியா பிரிச்சு குடுக்கலன்னு கேள்விப்பட்டிருப்பார். 5 போட்டவர் அந்த வதந்திய கிளப்பினது யாருன்னு தெரிஞ்சவரா இருப்பார். வதந்திய வெச்சு ஒருத்தர் நிதிய நிறுத்தக்கூடாது, நேர்ல பார்த்தத மட்டும் பேசணும், மிச்சத்த ஆபீஸ் விசாரிக்கட்டும்னு மொத நாளே ஒரு விதி போட்டுக்கிட்டா நல்லது. போடலன்னா ரெண்டாவது நாள் மதியத்துக்கு மேல பஞ்சாயத்துதான்.

பதிவு பண்ணாத குழுன்னு சொல்லி தள்ளிடாதீங்க. என்பிஓ, அதாவது லாப நோக்கமில்லாத அமைப்புன்னு பதிவு கிடைக்கவே மாசக்கணக்குல ஆகும், வரித்துறை சார்ஸ்ல 18ஏ (நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரி சலுகை கிடைக்கற அனுமதி) வாங்கறது இன்னும் பெரிய கதை. இவங்களுக்காக பணத்த வாங்கி கணக்கு பார்த்து குடுக்க வேற பதிவான அமைப்பு ஒண்ணு ஒத்துக்கிட்டா போதும்ங்கற வழி நிறைய ஃபண்டுல இருக்கு. அது இருக்கான்னு பேனல்ல நீங்க கேளுங்க.

காசு குடுப்பாங்களா?

குடுக்கணும். படிக்கற நேரத்துக்கு ஒரு தொகை, பயணம், சாப்பாடு, டேட்டா, பிள்ளைய பார்த்துக்க ஆள் வெச்சா அதுக்கும். சேவைதானேன்னு சொல்லி சும்மா கூப்பிடற இடத்துல அவங்க ஆபீஸ் ஆளும் சும்மாதான் வேலை செய்யறாரான்னு கேட்டு பாருங்க. வாங்கற தொகை சார்ஸ் கணக்குல வருமானம்தான், 2025 வரி வருஷத்துல 65 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு 95,750 ரேண்ட் வரைக்கும் வரி இல்லாம இருந்துச்சு, ஆனா வேற சம்பளத்தோட சேர்த்து பார்க்கணும். சாஸ்ஸா வாங்கறவங்க வருமான வரம்ப பார்த்துட்டு ஒத்துக்கோங்க, அங்க தகராறு வந்தா தீர்க்க நாளாகும்.

எனக்கு தெரிஞ்சவங்க அப்ளை பண்ணியிருந்தா?

பண்ணியிருப்பாங்க. டர்பன் குயர் உலகம் எவ்வளவு சின்னதுன்னு உங்களுக்கே தெரியும், ஒருத்தரோட எக்ஸ் இன்னொருத்தரோட இப்போதைய ஆளு, ரெண்டு பேரும் ஒரே குழுவுல ட்ரெஷரர். யாரையும் தெரியாத ஆள்தான் வேணும்னா ஐஸ்லாந்துலேர்ந்துதான் கொண்டு வரணும். கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட் ஃபார்ம்னு ஒண்ணு குடுப்பாங்க, அதுல எழுதிடுங்க, எல்லாத்தையும்: சொந்தம், காதல், முன்னாள் காதல், கடன், சண்டை, முன்ன வேலை செஞ்ச இடம். அந்த அப்ளிகேஷன் வர்றப்ப ரூம விட்டு எழுந்து போயிடணும், ஓரமா உக்காந்து போன் பார்க்கறது கணக்குல வராது. சண்டை போட்டு பிரிஞ்ச குழுவும் இதுல சேர்த்தி, அத மட்டும் எழுத மறந்துடுவாங்க நிறைய பேர்.

முடிவு வந்ததுக்கு அப்புறம் கிடைக்காதவங்க உங்கள தெருவுல பிடிச்சு கேப்பாங்க. ஏண்டி, உன்ன நம்பித்தானே போட்டோம்னு. பேனல் முடிவுன்னு மட்டும் சொல்லுங்க, யார் எப்படி ஓட்டு போட்டாங்கன்னு வாய திறக்காதீங்க, உங்க ஓட்டையும் சேர்த்துதான். கொஞ்ச நாள் பேச்சு வார்த்தை இருக்காது, அதுவும் இந்த வேலைல ஒரு பகுதி.

நான் இருக்கற குழுவே பணம் கேக்குது, அப்ப?

சில ஃபண்டுல அந்த சுத்துக்கு நீங்க உக்கார முடியாது, சிலதுல எழுந்து போனா போதும். எதுன்னு கேட்டுக்கோங்க. பேனலா பணமான்னு தேர்ந்தெடுக்க வேண்டி வந்தா குழு பணத்த வாங்கட்டும்.

படிக்க மனசு தாங்குமா?

அடி, பலாத்காரம், தற்கொலை, எல்லாம் வரும் அதுல. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி படிக்காதீங்க. கவுன்சலிங்குக்கு பட்ஜெட் வெச்சிருக்காங்களான்னு சேரும்போதே கேளுங்க.

சும்மா பேருக்கு உக்கார வெச்சு போட்டோ எடுக்கறாங்களா, நிஜமாவே நம்ம முடிவா? எப்படி கண்டுபிடிக்கறது?

என்ன கேட்டா சேர்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான், மிச்சம் எல்லாம் அப்புறம். பேனல் சொன்னத ஃபண்டோட நிர்வாக போர்டு மாத்தலாமான்னு நேரா கேளுங்க. சட்டப்படி போர்டுதான் கடைசி கையெழுத்து போடணும், அது சகஜம், பணத்துக்கு அவங்கதான் பொறுப்பு. ஆனா இதுவரைக்கும் எத்தன தடவ பேனல் முடிவ மாத்தினாங்க, எந்த காரணத்துக்குன்னு கேட்டா நேர்மையான இடத்துல தயங்காம சொல்வாங்க. நாங்க உங்க கருத்த ரொம்ப மதிக்கறோம்னு மட்டும் பதில் வந்தா அது ஆலோசனை கமிட்டி, முடிவு பண்ற பேனல் இல்ல. ஆலோசனை சொல்லவும் போகலாம், ஆனா அந்த ஃபண்டு அத சமூகமே முடிவு பண்ணுதுன்னு வெளிய சொல்லிக்கறப்ப உங்க முகம் அதுல இருக்கணுமான்னு யோசிங்க.

மொத்தம் எவ்வளவு பணம் இருக்குன்னு பேனலுக்கு சொல்றாங்களான்னும் பாருங்க. பத்து பேர சொல்லுங்க, தொகைய நாங்க பார்த்துக்கறோம்னா பாதி அதிகாரம் அவங்ககிட்டயே இருக்கு. மார்க் ஷீட்ல என்ன கேள்வி இருக்கணும்னு பேனல் மாத்த முடியுமா, அதுவும் ஒரு அடையாளம். போன சுத்து பேனல்ல இருந்தவங்க ரெண்டு பேர்கிட்ட பேசலாமான்னு கேளுங்க, குடுக்க மாட்டேன்னா காரணம் ரகசியமாவும் இருக்கலாம், அத மட்டும் வெச்சு தப்பா நினைச்சுட வேண்டாம்.

குட் ஃப்ரைடே சமயம் மீட்டிங் வெச்சா என்ன பண்றது?

சொல்லுங்க. வெளியூர்க்காரங்களுக்கு அது லாங் வீக்எண்ட், நம்ம ஆளுங்க அன்னிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோவில்ல இருப்பாங்கன்னு அவங்களுக்கு எப்படி தெரியும். தைப்பூச காவடி விரதம், புரட்டாசி மாசம் சாப்பாடு, இதையும் ஃபார்ம்ல எழுதிடுங்க, இல்லன்னா தட்டுல சாலட் மட்டும்தான் இருக்கும்.

அப்ளிகேஷன்ல என்ன எழுதறது?

செஞ்ச வேலைய எழுதுங்க, எந்த ஊர், யார் கூட, என்ன ஆச்சு. பேஷனேட், எம்பவர் மாதிரி வார்த்தைங்கள அவங்க நூறு பேர்கிட்டேர்ந்து படிச்சிருப்பாங்க. எழுத வரலன்னா வாய்ஸ் நோட் அனுப்பலாமான்னு கேளுங்க, ஒத்துக்கற ஃபண்டு இருக்கு. யார பத்தி எழுதினாலும் அவங்க நிஜ பேர போடாதீங்க. உங்களுக்கு எது தெரியாதுன்னும் ஒரு வரி எழுதலாம், இன்டர்செக்ஸ் ஆளுங்க பிரச்சினை எனக்கு பழக்கமில்லன்னு எழுதினா ஒண்ணும் குறைஞ்சிடாது, பேனல்ல ஆள கலந்து எடுக்க அவங்களுக்கு அது உதவும்.

நான் வரல, ஆனா சரியான ஆள் ஒருத்தர தெரியும். அவங்க பேர குடுக்கலாமா?

அவங்ககிட்ட கேக்காம குடுக்காதீங்க. நல்ல எண்ணத்துலதான் குடுப்பீங்க, ஆனா அந்த ஈமெயில் அவங்க ஆபீஸ் அட்ரஸுக்கு போய், பக்கத்து சீட்காரர் பார்த்துட்டா அவங்க வேலைக்கே ஆபத்து. நேர்ல போய் சொல்லுங்க, கடைசி தேதிய சொல்லுங்க, வேணும்னா ஃபார்ம நிரப்ப கூட உக்காருங்க, அனுப்பற பட்டன அவங்களே அமுக்கட்டும்.